ஏற்காட்டுப் பழவௌவாலுக்கு எந்த மரபணுத் துண்டு?

சேலம் சாலையோர நெட்டிலிங்கத்தில் பழம் பொறுக்கும் வௌவாலும், ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தின் கொய்யாவில் வந்து இறங்கும் வௌவாலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. இரண்டும் ஒரே இனமா? ஒரே இனமென்றால் மலைக் கூட்டமும் சமவெளிக் கூட்டமும் இன்னும் கலந்துகொண்டிருக்கின்றனவா? பழவௌவால் குடும்பத்தில் இவற்றுக்கு நெருங்கிய சொந்தம் யார்? மூன்று கேள்விக்கும், செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.விலிருந்து விடை தேடலாம். ஆனால் மூன்றுக்கும் ஒரே துண்டு உதவாது.

நடைமுறையில் பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கிறது. ஆய்வகக் குளிர்பெட்டியில் எந்தப் பிரைமர் (பிரதியெடுக்க வேண்டிய துண்டின் ஓரத்தில் ஒட்டும் குட்டை டி.என்.ஏ.) கிடக்கிறதோ அதை எடுத்து ஓட்டிவிட்டு, வந்த சீக்வென்ஸுக்கு, அதாவது எழுத்து வரிசைக்கு, பொருந்துகிற கேள்வியைப் பிறகு தேடுகிறார்கள். ஓராண்டு, நாற்பது மாதிரி, அளவான பணம் என்ற நிலையில் சேலம் பக்கத்துக் கல்லூரி ஒன்று இந்த வேலையில் இறங்கினால் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை இங்கே எடைபோடுகிறோம். எங்கள் முடிவை முன்னாலேயே சொல்லிவிடலாம். மைட்டோகாண்ட்ரியாவின் சைட்டோகுரோம் பி மரபணுவை முழுதாக எடுங்கள், கூடவே செல்லின் உட்கருவான நியூக்ளியஸிலிருந்து ஒரு நியூக்ளியர் மரபணுவையும் சேருங்கள். மற்றவற்றை அவற்றுக்கான கேள்வி இருந்தால் மட்டும் தொடுங்கள்.

கையில் இருப்பது யார்?

மரபணுவுக்குப் போகுமுன் அளவுகோலை எடுக்க வேண்டும். ஆலமரத்திலும் புளியமரத்திலும் பகலிலேயே நூற்றுக்கணக்கில் தொங்கும் பெரிய வௌவால் டெரோபஸ் மீடியஸ். அதன் முன்கை 15 சென்டிமீட்டரைத் தாண்டும், அடையாளம் காண டி.என்.ஏ. தேவையில்லை. குகையிலும் பாழடைந்த கட்டடத்திலும் அடைவது ரூசெட்டஸ் லெசனால்டி. குகை இருட்டில் நாக்கைச் சொடுக்கி, அந்த ஒலியின் எதிரொலியால் வழி கண்டுகொள்ளும். கூந்தற்பனைக் காய்க்குலையையும் நெட்டிலிங்கக் கொப்பையும் கடித்துக் கூடாரமாக்கிக்கொண்டு அடைவது குட்டைமூக்கு வௌவாலான சைனாப்டெரஸ் ஸ்பிங்ஸ்.

சிக்கல் சைனாப்டெரஸில்தான். ஸ்பிங்ஸின் முன்கை ஏறக்குறைய 64 முதல் 79 மில்லிமீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் இன்னோர் இனமான சைனாப்டெரஸ் பிராக்கியோட்டிஸுக்கு 57 முதல் 63. காதும் பிராக்கியோட்டிஸுக்குச் சிறியது, 18 மில்லிமீட்டருக்கு உட்பட்டது. ஏற்காட்டில் 62 மில்லிமீட்டர் முன்கையோடு ஒன்று வலையில் விழுந்தால் அது பிராக்கியோட்டிஸா, வளராத ஸ்பிங்ஸா? இறக்கையை விரித்துப் பின்னாலிருந்து டார்ச் அடித்து விரல் கணுக்களைப் பாருங்கள். கணுவின் இரு பக்கமும் வெளிச்சம் ஊடுருவும் வெளிறிய பட்டை தெரிந்தால் அது இன்னும் எலும்பாகாத குருத்தெலும்பு, அதாவது இளங்குட்டி. கணு உருண்டு திரண்டு ஒளியை மறைத்தால் வளர்ந்தது. இந்த ஒரு நிமிடச் சோதனையைக் குறிப்பேட்டில் எழுதாமல் விட்டால், பிறகு டி.என்.ஏ.வைக் கொண்டு வரையும் உறவு மரத்தில் அந்த மாதிரி எங்கே போய் உட்கார்ந்தாலும் அதற்குப் பொருள் சொல்ல முடியாது.

வெளித்தோற்றத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. தேனி மாவட்டத்து மேகமலையில் 1948-இல் பிடிபட்ட ஒரு வௌவால், சைனாப்டெரஸ் என்ற பெயர்ச்சீட்டோடு அருங்காட்சியகப் பெட்டியில் கிடந்தது. 1972-இல்தான் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தோங்லோங்யா அதைத் தனிப் பேரினம் என்று கண்டு லாட்டிடென்ஸ் சலீமலி எனப் பெயரிட்டார். வாலில்லாத உடம்பும் பல்லமைப்பும் எப்போதும் அங்கேயேதான் இருந்தன. கூர்ந்து பார்க்க 24 ஆண்டுகள் ஆயின.

மைட்டோகாண்ட்ரியா எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

வௌவாலின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. ஏறக்குறைய 16,500 எழுத்துகள் (ஏ, டி, ஜி, சி என்ற அலகுகள்) கொண்ட வளையம். புரதம் செய்யும் மரபணு 13, புரதத் தயாரிப்புக்குத் துணைநிற்கும் டி.ஆர்.என்.ஏ. மரபணு 22, ஆர்.ஆர்.என்.ஏ. மரபணு 2, இவற்றோடு எந்த மரபணுவும் இல்லாத கட்டுப்பாட்டுப் பகுதி. ஆய்வுக்கு இது வசதியாக இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. ஒரு செல்லில் நியூக்ளியர் டி.என்.ஏ. இரண்டு பிரதி என்றால் இது நூற்றுக்கணக்கில், சில திசுக்களில் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆகவே எச்சத்திலும் பழைய தோலிலும் கூட மிஞ்சியிருக்கும். பாலூட்டிகளில் இது நியூக்ளியர் டி.என்.ஏ.வை விடப் பல மடங்கு வேகமாக மாறுவதால், அண்மையில் பிரிந்த கூட்டங்களிடையேயும் வேறுபாடு தெரியும்.

இது தாய் வழியே மட்டும் இறங்குகிறது. தாய்வீட்டுச் சீதன அண்டா மகளுக்கு, அவள் மகளுக்கு என்று போவதுபோல. மகனும் அதைப் பெறுகிறான், ஆனால் தன் பிள்ளைகளுக்குத் தர முடியாது. அதனால் ஒரு ஆண் வௌவால் மலையிலிருந்து இறங்கிச் சமவெளிக் கூட்டத்தில் இருபது குட்டிகளுக்குத் தகப்பனானாலும் மைட்டோகாண்ட்ரியாவில் அதன் தடம் இருக்காது. ஸ்பிங்ஸ் விஷயத்தில் இது சின்னக் குறையல்ல. ஒரு கூடாரத்தில் ஓர் ஆணோடு பல பெண்கள் சேர்ந்து அடையும் இனம் அது. தகப்பன் பக்கக் கதையை விட்டுவிட்டால் பாதிக்கும் மேல் விட்டுப்போகும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சைனாப்டெரஸ் பேரினத்தை ஜீனோம் முழுவதும் பரவலாகத் தொட்டுப் பார்த்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, இவற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுகள் இருப்பதையும், இனங்கள் கலந்ததால் ஒன்றின் மரபணு மற்றதற்குள் போகும் ஊடுருவல் நடந்திருப்பதையும் காட்டியது. ஊடுருவல் நடந்த இடத்தில் ஓர் இனத்தின் உடம்பில் இன்னோர் இனத்தின் மைட்டோகாண்ட்ரியா இருக்கலாம். சைனாப்டெரஸில் மைட்டோகாண்ட்ரியா மரத்தை மட்டும் வைத்துப் "புது இனம்" என்று அறிவிப்பதை நாங்கள் ஏற்பதில்லை.

சைட்டோகுரோம் பி: முதல் தேர்வு

மரபணுவின் முழு நீளம் 1,140 எழுத்து. பாலூட்டிகளில் முப்பது ஆண்டுக்கு மேலாக எல்லோரும் எடுத்துவருவதால், பொதுத் தரவுத்தளத்தில் ஒப்பிட ஆசியப் பழவௌவால் சீக்வென்ஸுகள் ஏராளமாக உண்டு. இதுவே இதன் பெரிய பலம். நீங்கள் எடுத்த துண்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பக்கத்தில் வைத்துப் பார்க்க மற்றவர் தரவு இல்லையென்றால் மரம் வளராது.

1991-இலிருந்து புழக்கத்தில் இருக்கும் எல்14724, எச்15915 என்ற பிரைமர் ஜோடி, மரபணுவின் இரு பக்கத்து டி.ஆர்.என்.ஏ.க்களில் போய் ஒட்டும். அதனால் மரபணு முழுதாகக் கிடைக்கும், நீளவாரியாகத் துண்டுகளைப் பிரிக்கும் ஜெல்லில் பட்டை ஏறக்குறைய 1,200-இல் நிற்கும். துண்டைப் பல கோடிப் பிரதியாக்கும் பி.சி.ஆர். முறையில், 25 மைக்ரோலிட்டர் வினைக்கு டி.என்.ஏ. 10 முதல் 50 நானோகிராம், பிரைமர் ஒவ்வொன்றும் 0.4 மைக்ரோமோலார், மக்னீசியம் குளோரைடு 2 மில்லிமோலார், டி.என்.ஏ. கட்டும் அலகுகளான டி.என்.டி.பி. 0.2 மில்லிமோலார், பிரதியெடுக்கும் நொதியான டாக் 1 யூனிட். 94 டிகிரியில் 3 நிமிடம், பிறகு 94-இல் 30 விநாடி, 50-இல் (பிரைமர் ஒட்டும் கட்டம்) 45 விநாடி, 72-இல் 90 விநாடி என 35 சுற்று, கடைசியில் 72-இல் 7 நிமிடம். பட்டை மங்கலாக வந்தால் முதலில் ஒட்டும் வெப்பநிலையை 48-க்கு இறக்குங்கள். கூடுதல் பட்டைகள் வந்தால் 53 வரை ஏற்றுங்கள். சுற்றுகளை 40-க்கு மேல் கொண்டுபோகாதீர்கள். அங்கே வெற்றுக் குழாயிலும் பட்டை வரத் தொடங்கும். டி.என்.ஏ. போடாத அந்த வெற்றுக் குழாய் ஒவ்வொரு ஓட்டத்திலும் கட்டாயம் இருக்க வேண்டும்.

எழுத்து வரிசையைப் படிக்கும் வழக்கமான சாங்கர் முறையில் ஒரு பக்கத்திலிருந்து நம்பிக்கையாகப் படிக்கக் கிடைப்பது 700, 800 எழுத்து. ஆகவே இரு பக்கமும் படிக்கக் கொடுங்கள். ஒரு பக்கம் போதும் என்று மிச்சம் பிடிப்பவர்கள் மரபணுவின் கடைசி மூன்றில் ஒரு பங்கை இழக்கிறார்கள். ஒரு மாதிரிக்கு மிச்சமாவது சில நூறு ரூபாய்தான்.

சீக்வென்ஸ் வந்ததும் பலர் பதறும் இடம் ஒன்று உண்டு. புரதமாக மொழிபெயர்த்துப் பார்த்தால் நடுவில் நாலைந்து நிறுத்தக் குறி விழுந்து கிடக்கும். மரபணு கெட்டுவிட்டது என்று மாதிரியையே தூக்கி எறிந்தவர்கள் உண்டு. பெரும்பாலும் மென்பொருளில் மரபுக் குறியீட்டை மாற்ற மறந்ததுதான் காரணம். பொதுக் குறியீட்டில் டிஜிஏ என்பது நிறுத்தம். முதுகெலும்பிகளின் மைட்டோகாண்ட்ரியாவில் அது டிரிப்டோபேன். ஏஜிஏ, ஏஜிஜி இரண்டும் அங்கே நிறுத்தம். தரவுத்தள அட்டவணையில் இரண்டாம் எண் குறியீட்டைத் தேர்ந்தெடுத்தால் 379 அமினோ அமிலம் இடைவெளி இல்லாமல் வந்து, கடைசியில் ஒரே ஒரு நிறுத்தம் நிற்க வேண்டும்.

அதன் பிறகும் நடுவில் நிறுத்தம் இருந்தால், அல்லது எழுத்துகள் மூன்றின் மடங்கில் இல்லாமல் ஒன்றிரண்டு விடுபட்டிருந்தால், அது வேறு கதை. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வின் துண்டுகள் பழங்காலத்தில் நியூக்ளியஸுக்குள் போய் ஒட்டிக்கொண்டு, அங்கே வேலையற்ற பிரதியாகக் கிடக்கும். அதைப் பிரைமர் பிடித்துவிட்டது. எழுத்துகளை முகடுகளாகக் காட்டும் அலைவரைபடமான குரோமட்டோகிராமில் ஒரே இடத்தில் இரண்டு முகடு ஏறிநிற்பது இதன் இன்னோர் அடையாளம். மென்பொருள் உயரமான முகட்டை மட்டும் எழுதிவிட்டுப் போய்விடும். ஆகவே எழுத்துக் கோப்பை மட்டும் வாங்கிக்கொண்டு திருப்தியடையாமல், அலைக்கோப்பைத் திறந்து கண்ணால் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். நாற்பது மாதிரிக்கு ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாளை எதற்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

வேறுபாட்டுச் சதவீதத்தை எப்படி எடுத்துக்கொள்வது? பாலூட்டிகளின் சைட்டோகுரோம் பி பற்றி 2001-இல் பிராட்லி, பேக்கர் இருவரும் தந்த வழிகாட்டி இன்றும் பயன்படுகிறது. 2 சதவீதத்துக்குக் கீழே பெரும்பாலும் ஒரே இனம், 11-க்கு மேலே பெரும்பாலும் வேறு இனம், இடையில் இருப்பது மேலும் ஆராய வேண்டியது. இடைப்பட்ட அந்தப் பெரிய பகுதியில்தான் நம் வேலை பெரும்பாலும் விழும். அங்கே சதவீதம் கேள்வியை எழுப்பும், தீர்ப்புச் சொல்லாது.

இந்த மரபணு தோற்கும் இடம் பழைய கிளைகள். ஒரே இடத்தில் எழுத்து மாறி, மீண்டும் மாறி, பழைய நிலைக்கே திரும்பியிருந்தால் எண்ணிக்கையில் அது தெரியாது. குறிப்பாக மூன்றெழுத்துக் குறியின் மூன்றாம் இடத்தில் இது அதிகம். பேரினங்களுக்கு இடையிலான உறவைக் கேட்டால் கிளைகளின் ஆதரவு எண் (கிளையை எவ்வளவு நம்பலாம் என்ற கணக்கு) சரிந்துவிடும். மரம் கட்டும்போது மூன்று இடங்களையும் தனித்தனிப் பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் எழுத்து மாறும் விதத்துக்கான தனிக் கணக்குச் சூத்திரம் கொடுத்தால் ஓரளவு தாங்கும்.

பார்கோடு, ஆர்.ஆர்.என்.ஏ.

மைட்டோகாண்ட்ரியாவின் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் 1 என்ற மரபணுவின் 658 எழுத்துத் துண்டுதான், இனத்தை அடையாளம் காட்டுவதாக எல்லோரும் பேசும் பார்கோடு. இனம் கண்டுபிடிக்க மட்டும் என்றால் சரிதான். ஆனால் துண்டு சிறியது. அதே உழைப்பில் சைட்டோகுரோம் பி ஏறக்குறைய இரண்டு மடங்கு எழுத்து தருகிறது. உறவு தேடும் வேலைக்கு நாங்கள் இதை முதலில் எடுக்க மாட்டோம். காப்பித் தோட்டத்தில் சப்பித் துப்பிய சக்கை யாருடையது என்பது போன்ற கேள்விக்கு எடுப்போம்.

12எஸ், 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. மரபணுக்கள் மெதுவாக மாறுபவை. இவற்றையும் நடுவிலுள்ள டி.ஆர்.என்.ஏ.வையும் சேர்த்து 1997-இல் ஹாலர், ஸ்பிரிங்கர் இருவரும் பழவௌவால் குடும்பத்தின் மரத்தைக் கட்டினார்கள். நீண்ட நாக்கால் தேன் நக்கும் வௌவால்கள் எல்லாம் ஒரே கிளை என்று அதுவரை வகைப்படுத்தியிருந்தார்கள். அந்த மரத்தில் அவை சிதறி வெவ்வேறு இடத்தில் நின்றன. நீண்ட நாக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. ஆப்பிரிக்காவுக்கே உரிய ஒரு கிளையும் அதில் தெரிந்தது. உடலமைப்பு மறைத்ததை மைட்டோகாண்ட்ரியா காட்டிக்கொடுத்த நல்ல உதாரணம் இது.

குடும்ப அளவிலான கேள்வி உங்களுடையது என்றால் இவற்றைச் சேர்க்கலாம். வரிசைப்படுத்தும்போது கவனம் வேண்டும். ஆர்.ஆர்.என்.ஏ. மடிந்து தண்டும் கண்ணியுமாக நிற்கும். கண்ணிப் பகுதியில் எழுத்துகள் கூடியும் குறைந்தும் இருப்பதால் எந்த எழுத்துக்கு எது இணை என்பது ஐயமாகிவிடும். அந்தப் பகுதிகளை வைத்தும் நீக்கியும் இரண்டு மரம் கட்டி, இரண்டிலும் நிற்கிற கிளையை மட்டும் நம்புங்கள். மலைக்கும் சமவெளிக்கும் இடையிலான வேறுபாட்டுக்கு இவை உதவா. அங்கே எல்லா மாதிரியும் ஒரே மாதிரியாகத்தான் வரும்.

கட்டுப்பாட்டுப் பகுதி: மலைகளை ஒப்பிட

சேர்வராயன், கொல்லிமலை, கல்வராயன், பச்சைமலை எல்லாம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் துண்டுகள். இடையில் பாக்கும் மரவள்ளியும் விளையும் சமவெளி. பறக்கிற விலங்குக்கு அந்த இடைவெளி தடையா, இல்லையா என்பதுதான் சேலத்துக்காரர்கள் கேட்க வேண்டிய, சேலத்துக்காரர்களால் எளிதாகக் கேட்க முடிகிற கேள்வி. ஒரே இனத்துக்குள் இப்படி நுணுக்கமாகப் பார்க்க வேகமாக மாறும் கட்டுப்பாட்டுப் பகுதி பொருத்தமானது.

ஆனால் வௌவால்களில் இந்தப் பகுதிக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. ஒரே வரிசை அடுத்தடுத்து மீண்டும் மீண்டும் வரும் இடங்கள் இதில் இருக்கும். சில வௌவால்களில் ஒரே விலங்கின் உடம்புக்குள்ளேயே மீள்வரிசையின் எண்ணிக்கை வேறுபட்ட பிரதிகள் கலந்திருக்கும். அந்த இடம் வரை தெளிவாக ஓடிய குரோமட்டோகிராம், அதைத் தாண்டியதும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கலைந்துவிடும். பிரைமரைக் குறை சொல்லிப் பயனில்லை. மீள்வரிசைக்கு முன்னாலேயே நிற்கும்படி 400, 500 எழுத்துத் துண்டை மட்டும் எடுப்பதே வழி.

மாதிரி எண்ணிக்கையும் இங்கே வேறு. சைட்டோகுரோம் பி-க்கு ஒரு இனத்துக்கு ஐந்து மாதிரி கிடைத்தால் மரத்தில் இடம் தெரிந்துவிடும். கூட்டங்களை ஒப்பிட ஓர் இடத்துக்கு இருபதாவது வேண்டும். அதுவும் பல கூடாரங்களிலிருந்து. தாயையும் அதன் பால்குடிக் குட்டியையும் சேர்த்து எடுத்தால் ஒரே ஹாப்லோடைப்பை, அதாவது ஒரே தாய்வழி எழுத்து வரிசையை, இரண்டு முறை எண்ணியதாகும். நாற்பது மாதிரி என்றால் ஏற்காடு இருபது, சேலம் இருபது. மூன்றாவது மலையைச் சேர்க்கும் ஆசையில் ஓர் இடத்துக்குப் பன்னிரண்டாகக் குறைத்துக்கொள்ளாதீர்கள். அரிய ஹாப்லோடைப்புகள் விட்டுப்போய், இல்லாத வேறுபாடு இருப்பதுபோலத் தோன்றும்.

முழு வளையம்

முழு மைட்டோகாண்ட்ரியா ஜீனோமும் 13 மரபணுக்களைச் சேர்த்துத் தருவதால் பழைய கிளைகளின் ஆதரவு கூடும். இரண்டு வழி உண்டு. ஒன்று, 8,000, 9,000 எழுத்து நீளத் துண்டு இரண்டை ஒன்றன் விளிம்பு மற்றதன் மேல் படியும்படி பி.சி.ஆரில் எடுப்பது. நியூக்ளியஸுக்குள் ஒட்டிக்கொண்ட போலித் துண்டுகள் பெரும்பாலும் சிறியவை என்பதால் இந்த வழியில் அவை மாட்டுவது குறைவு. ஆனால் டி.என்.ஏ. உடையாமல் இருக்க வேண்டும். அறை வெப்பத்தில் மாதக்கணக்கில் கிடந்த மாதிரியில் நடக்காது. மற்றது, எல்லா டி.என்.ஏ.வையும் மேலோட்டமாகப் படித்து, அதில் மிகுதியாக இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவை மென்பொருளால் திரட்டுவது. ஒரு மாதிரிக்கு ஒன்றிரண்டு கிகா (நூறு, இருநூறு கோடி) எழுத்து போதும். குட்டையான படிப்புகளால் மீள்வரிசைப் பகுதியை மட்டும் சரியாகக் கட்ட முடியாது. அங்கே விழும் நீளத்தை உண்மை என்று எழுதிவிட வேண்டாம்.

நாற்பது மாதிரிக்கும் இதைச் செய்வது வீண்செலவு. வளையம் முழுதும் ஒரே தொகுப்பாகத் தாயிடமிருந்து இறங்குவதால், 16,000 எழுத்து படித்தாலும் கிடைப்பது ஒரே சாட்சியின் நீண்ட வாக்குமூலம்தான். அந்தப் பணத்தில் இரண்டாவது சாட்சியை அழைப்பது நல்லது.

இரண்டாவது சாட்சி

அந்தச் சாட்சி நியூக்ளியர் மரபணு. பழவௌவால் குடும்பத்தைப் பற்றி 2011-இல் வந்த விரிவான ஆய்வு, மைட்டோகாண்ட்ரியா மரபணுக்களோடு ஆர்.ஏ.ஜி.1, ஆர்.ஏ.ஜி.2, பி.ஆர்.சி.ஏ.1, வான் வில்லிபிராண்ட் காரணி ஆகிய நான்கு நியூக்ளியர் மரபணுக்களைச் சேர்த்தது. உங்களுக்கு ஒன்று போதும், ஆர்.ஏ.ஜி.1 அல்லது ஆர்.ஏ.ஜி.2. மெதுவாக மாறுவதால் ஸ்பிங்ஸுக்கும் பிராக்கியோட்டிஸுக்கும் இடையில் சில எழுத்து வேறுபாடுதான் கிடைக்கலாம். அதுவே போதும். சைட்டோகுரோம் பி ஒரு பக்கமும் நியூக்ளியர் மரபணுவும் முன்கை அளவும் மறுபக்கமும் இழுத்தால் ஊடுருவலைச் சந்தேகிக்கலாம். மூன்றும் ஒரே பக்கம் நின்றால் துணிந்து எழுதலாம். இங்கே ஒரே இடத்தில் இரண்டு முகடு தெரிந்தால் பயப்பட வேண்டாம். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதி இருப்பதன் அடையாளம் அது. மைட்டோகாண்ட்ரியாவில் எச்சரிக்கையாக இருப்பது இங்கே செய்தியாகிறது.

இறக்கைத் தோலா, எச்சமா?

ஸ்பிங்ஸுக்கும் ரூசெட்டஸுக்கும் இறக்கைத் தோல்தான் சிறந்தது. கொய்யா மரத்துக்குப் பக்கத்தில் 9 மீட்டர் மிஸ்ட் நெட் (கண்ணுக்குத் தெரியாத மெல்லிழை வலை) கட்டி, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பாருங்கள். நேரம் கடந்தால் வௌவால் வலையைக் கடித்துச் சுற்றிக்கொண்டு விரலை முறித்துக்கொள்ளும். ஏற்காட்டில் மூடுபனி இறங்கி வலை நனைந்துவிட்டால் அன்றைக்குச் சுருட்டிவிடுங்கள். நனைந்த விலங்கு குளிரில் சீக்கிரம் சோர்ந்துபோகும். சினையாக இருப்பதையும் குட்டியைச் சுமப்பதையும் துளையிடாமல் உடனே விடுங்கள். ஸ்பிங்ஸ் ஆண்டுக்கு இருமுறை குட்டி போடுவதால் இது அடிக்கடி நேரும்.

இறக்கையை ஒரு தட்டையான பலகைமேல் விரித்து, இரத்தக்குழாய் ஓடாத இடம் பார்த்து, 3 மில்லிமீட்டர் பயாப்ஸி பஞ்ச் என்ற துளைக்கருவியால் ஒரே ஒரு துளை. சில வாரங்களில் அது மூடிக்கொள்ளும். ஒவ்வொரு விலங்குக்கும் புதிய பஞ்ச் வேண்டும். இல்லையென்றால் முந்தைய வௌவாலின் தோல்துகள் அடுத்த குழாய்க்குள் போகும். வௌவாலைப் பறக்கவிடும்முன் அதற்கு வாழைப்பழக் கூழோ சர்க்கரைத் தண்ணீரோ கொஞ்சம் கொடுங்கள். துண்டை 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனாலில் போடுங்கள். கடையில் விற்கும் நிறமேற்றிய ஸ்பிரிட் வேண்டாம், ஃபார்மலின் கூடவே கூடாது. அது டி.என்.ஏ.வைப் பிணைத்து நறுக்கிவிடும். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருவதற்குள் தளர்ந்த மூடியில் எத்தனால் கசிந்து, வெளியே எழுதிய பேனா மையையும் கரைத்துவிடும். ஆகவே பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்றைக் குழாய்க்குள்ளேயே போடுங்கள். மூடியைப் பாராஃபிலிமால் சுற்றுங்கள். சேலத்து ஏப்ரல் வெயிலில் வண்டிப் பெட்டியில் அரை நாள் விட்டுவைக்காதீர்கள்.

டெரோபஸுக்கு எங்கள் கருத்து வேறு. ஆலமரத்தில் அடைந்திருக்கும் கூட்டத்தைக் கலைத்துப் பிடிக்க வேண்டிய கேள்வி எதுவும் உங்களிடம் இல்லை. விடியற்காலை இரை தேடிப் போனவை திரும்புமுன் மரத்தடியில் சுத்தமான பாலித்தீன் விரிப்பை விரித்து, விழும் எச்சத்தை வெயில் ஏறுமுன் எடுங்கள். பழத்தின் டானின்கள் பி.சி.ஆரைத் தடுக்கும். டி.என்.ஏ.வைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்வதும், மில்லிலிட்டருக்கு 0.4 மில்லிகிராம் பி.எஸ்.ஏ. என்ற மாட்டு இரத்தப் புரதத்தைச் சேர்ப்பதும் பெரும்பாலும் வழிக்குக் கொண்டுவரும். 1,140 எழுத்தை ஒரே துண்டாக எதிர்பார்க்காதீர்கள். 300, 400 எழுத்தாக மூன்று நான்கு துண்டில் எடுங்கள். ஒரே விலங்கின் எச்சம் இரண்டு குழாய்க்குள் வரலாம் என்பதால் எண்ணிக்கைக் கணக்குக்கு இதை நம்பக் கூடாது.

எந்த முறையானாலும் என்-95 முகக்கவசம், இரட்டைக் கையுறை, கண்ணாடி வேண்டும். வலைக்காரர்கள் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். 2018-இல் கோழிக்கோட்டில் நிபா பரவியபோது அப்பகுதி டெரோபஸ் வௌவால்களில் அந்த வைரஸ் கண்டறியப்பட்டது. எச்சமும் சிறுநீரும் எச்சிலும் எப்போதும் ஆபத்துள்ளவை என்றே நடத்துங்கள். இதைச் சாக்கிட்டு ஊரில் யாரும் வௌவால் மரத்தை வெட்டிவிடக் கூடாது என்பதும் உங்கள் பொறுப்பில் சேரும். மரத்தடியில் முழுக்கவச உடையில் நிற்பவரைப் பார்த்துப் பயப்படுகிறவர்களிடம், என்ன செய்கிறோம் என்று முந்தைய நாளே போய்ச் சொல்லிவிடுங்கள்.

அனுமதி

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பழவௌவால்கள் நெடுங்காலம் காகம், எலியோடு தீங்குயிர்ப் பட்டியலில் கிடந்தன. 2022 திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. பழைய நினைப்பில் அனுமதியின்றி வலை கட்ட வேண்டாம். தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி, விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், தோட்ட உரிமையாளரின் சம்மதம் மூன்றும் கையில் வந்த பிறகே பிரைமருக்குப் பணம் கட்டுங்கள். மாதிரி வெளிநாடு போவதாக இருந்தால் சென்னைத் தரமணியில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தையும் அணுக வேண்டும்.

நாற்பது மாதிரியைப் பங்கிடுவது

இனமும் உறவும்தான் கேள்வி என்றால், ஏற்காட்டிலும் சேலத்திலுமாக ஸ்பிங்ஸ் இருபது, ரூசெட்டஸ் பத்து, டெரோபஸ் எச்சம் பத்து. எல்லாவற்றுக்கும் சைட்டோகுரோம் பி. அதில் ஹாப்லோடைப்புக்கு ஒன்றாகப் பொறுக்கி ஆர்.ஏ.ஜி.2. சைனாப்டெரஸ் மரத்துக்கு ரூசெட்டஸும் டெரோபஸும் புறக்குழுவாக (மரத்தின் வேர் எங்கே என்று காட்டும் வெளி உறவாக) நிற்கலாம். குடும்பம் முழுவதற்கும் மரம் கட்டினால் லாட வௌவால் கிளையிலிருந்து ஒன்றைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்துப் புறக்குழுவாக்குங்கள். பழவௌவால்கள் அந்தக் கிளைக்கே நெருக்கம் என்பதைப் பல மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மலையும் சமவெளியும்தான் கேள்வி என்றால் நாற்பதையும் ஸ்பிங்ஸுக்கே கொடுத்துக் கட்டுப்பாட்டுப் பகுதியை எடுங்கள். இரண்டையும் ஒரே ஆண்டில் செய்ய முயன்றால் இரண்டும் அரைகுறையாகும்.

மிஞ்சும் டி.என்.ஏ.வை 20 மைக்ரோலிட்டராவது தனிக் குழாயில் மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். சீக்வென்ஸைத் தரவுத்தளத்தில் ஏற்றும்போது ஊர், உயரம், முன்கை, காது, பால், வயது, பிடித்த தேதி எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றுங்கள். அடைமரத்தின் துல்லியமான இடத்தை மட்டும் பொதுவில் போடாமல், ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.